சால்ட் கழிவு: ஒரே கட்சிக்குள் ஏன் இத்தனை சண்டை?

கேட்டவர்: பிரிட்ஜ்வாட்டர் செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடாந்தரச் சம்பள, வரிச் சான்று) வந்தாயிற்று, சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். 2025 கணக்குக்கு சால்ட் வரம்பு 10,000 டாலரிலிருந்து 40,000 ஆகிவிட்டது என்று ஆபீசில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: மாநிலத்துக்கும் உள்ளூருக்கும் கட்டிய வரியை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதற்குப் பெயர்தான் சால்ட். இதைப் போனில் சொன்னபோது வேதாரண்யத்தில் இருக்கும் அப்பா, "அங்கேயும் உப்புக்கு வரியா? யாராவது நடந்துபோய் அள்ளுங்கப்பா" என்றார்.

கணக்குகூடப் போட்டுவிடலாம், அரசியல்தான் பிடிபடவில்லை. 2017 டிசம்பரில் 10,000 வரம்புக்குக் கையெழுத்துப் போட்டவர் டிரம்ப். 2024 தேர்தலில் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குக் கூட்டம் போட வந்தபோது சால்ட்டைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றவரும் அவரே. எங்கள் நியூ ஜெர்சி 7ஆம் தொகுதியின் காங்கிரஸ்மேன் (நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர்) டாம் கீன் ஜூனியர் குடியரசுக் கட்சி. வரம்பை உயர்த்தியே ஆகவேண்டும் என்று நின்றார். அதே கட்சியின் தெற்கு மாநிலத்துக்காரர்கள், ஊதாரி மாநிலங்களுக்கு நாங்கள் ஏன் மானியம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

சரி, ஜனநாயகக் கட்சியாவது ஒரே குரலா என்றால் அங்கேயும் இதே கூத்து. எங்கள் மாநில ஜோஷ் காட்ஹைமர் சால்ட் இல்லாவிட்டால் எந்த ஒப்பந்தமும் இல்லை என்று முழங்கினார். பக்கத்து நியூயார்க்கின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், வரம்பை அடியோடு எடுத்தால் பெரும் பணக்காரர்களுக்குத்தான் லாபம் என்று எதிர்த்தார்.

யார் எந்தப் பக்கம், எதற்காக? அப்படியே என் எண்களையும் யாராவது பாருங்கள். கணவன் மனைவி சேர்த்துத் தாக்கல் செய்கிறோம். வீட்டு வரி 13,400, நியூ ஜெர்சி வருமான வரி 8,700, வீட்டுக்கடன் வட்டி 11,900, பாலாஜி கோவிலுக்குக் கொடுத்தது 600.

பதில் 1: ஃப்ரிஸ்கோ குமரன்

செந்தில், டெக்ஸஸ் பக்கத்தையும் ஒருத்தன் சொல்ல வேண்டாமா. நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிப்பவன் இல்லை. ஆனால் எங்களுக்கு மாநில வருமான வரியே கிடையாது. வீட்டு வரி 11,200 கட்டுகிறேன். 10,000 வரம்பால் எனக்குப் போனது 1,200 டாலர் கழிவுதான், அதற்காக யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள்.

உங்கள் டீச்சருக்கும் போலீசுக்கும் நல்ல சம்பளம் கொடுப்பது என்று முடிவெடுத்தது நீங்கள். பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்கிறார்கள், சந்தோஷம். அதற்குக் கட்டும் வரியைக் கழித்து, நூற்றுக்கு 22 டாலரை (22 சதவீத வரிப் படியில் இருந்தால்) வாஷிங்டன் தலையில் கட்டினால் அது எங்கள் தலையிலும்தானே விழுகிறது? இதைச் சொன்னால் எங்கள் ஊர்க் காங்கிரஸ்மேன் கெட்டவர் ஆகிவிடுகிறார்.

பதில் 2: பார்சிப்பனி மாமா

முதலில் செந்தில் தம்பியின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இதைப் பார்த்துக் கொடுக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

சால்ட் மொத்தம் 22,100. பழைய வரம்பில் 10,000தான் எடுக்கலாம். வட்டியும் கோவிலும் சேர்த்தால் 22,500. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனுக்குக் (ரசீது இல்லாமலே எல்லாருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு) கிட்டவே வராது. அதனால்தான் இத்தனை வருஷம் ஐட்டமைஸ் (ஒவ்வொரு செலவாகப் பட்டியலிட்டுக் கழிப்பது) செய்யாமல் இருந்திருப்பீர்கள். இந்த வருஷம் முழு 22,100ஐயும் எடுக்கலாம், மொத்தம் 34,600. ஸ்டாண்டர்டும் 31,500க்கு ஏறிவிட்டது. ஆக, கூடுதலாகக் கிடைக்கிற கழிவு 3,100. நீங்கள் 22 சதவீதப் படியில் இருந்தால் மிச்சம் 682 டாலர்.

அவ்வளவுதான். செய்தியில் 40,000, கையில் 682.

இனி அரசியல். என்னிடம் யார் வந்து கேட்டாலும், "காங்கிரஸ்மேன் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், அவர் தொகுதியில் வீட்டு வரி ரசீது எவ்வளவு என்று பாருங்கள்" என்பேன். 2017இல் கீழவையில் அந்த 10,000 வரம்பு மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள் 12 பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா. நம் மாநிலத்தில் அந்தக் கட்சிக்கு ஐந்து பேர் இருந்தார்கள், நாலு பேர் எதிர்த்தார்கள். எங்கள் தொகுதி ஃபிரெலிங்ஹைசன் அப்போது நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர். சொந்தக் கட்சித் தலைமையை மீறி அவரும் எதிர்த்தார். ஆதரித்த ஒரே ஆள் டாம் மக்ஆர்தர். அடுத்த வருஷத் தேர்தலில் ஆண்டி கிம்மிடம் தோற்றார். செந்தில், உங்கள் தொகுதியின் லெனர்ட் லான்ஸ் எதிர்த்தும் தோற்றார், பாவம். கட்சி பெயரைப் பார்த்தே கோபத்தைக் காட்டிவிட்டார்கள் போல.

கட்சித் தலைமைக்கு அப்போது கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21க்கு இறக்கவேண்டும். அந்த ஓட்டையை அடைக்கப் பணம் எங்கே எடுப்பது? தங்களுக்கு ஓட்டுப் போடாத மாநிலங்களில் கை வைத்தார்கள். இது என் தனிப்பட்ட எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பர் கடைசி வாரம், வரம்பு வருவதற்குள் அடுத்த வருஷ வீட்டு வரியை முன்கூட்டியே கட்டிவிடலாம் என்று டவுன்ஷிப் அலுவலக வாசலில் வரிசை. குளிரில் மூக்கு சிவக்க, செக் புத்தகத்தைக் கையுறைக்குள் செருகிக்கொண்டு நானும் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி மடக்கு நாற்காலியே கொண்டுவந்திருந்தார். வரிசையில் நிற்கும்போதே போனில் செய்தி வருகிறது: வரித்துறை, ஏற்கெனவே விதிக்கப்பட்ட வரியை முன்கூட்டிக் கட்டினால்தான் செல்லும் என்கிறது. பில் வந்திருந்த இரண்டு தவணையை மட்டும் கட்டிவிட்டு வந்தேன்.

ஃப்ரிஸ்கோ தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் தலையில் யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. நியூயார்க் செனட்டர் மொய்னிஹன், தன் மாநிலம் வாஷிங்டனுக்கு எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று வருஷா வருஷம் கணக்குப் போட்டு வெளியிட்டவர். தமிழ்நாடு கொடுக்கிற ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா திரும்புகிறது என்று நாம் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே பேச்சு. 1985இல் ரீகன் இந்தக் கழிவை மொத்தமாக எடுக்கப் பார்த்தபோது நியூயார்க் ஆளுநர் மாரியோ கோமோ மல்லுக்கு நின்றார். கடைசியில் 1986 சட்டத்தில் விற்பனை வரிக் கழிவு மட்டும் போயிற்று. அதுவும் 2004இல் திரும்ப வந்தது: மாநில வருமான வரி அல்லது விற்பனை வரி, ஏதாவது ஒன்றைக் கழிக்கலாம். அதனால் யாருக்கு லாபம்? உங்களைப் போல வருமான வரி இல்லாத மாநிலத்துக்காரர்களுக்கு. உங்களுக்கும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கிறார்கள் தம்பி.

2025இலும் அதே கதை. கீழவையில் குடியரசுக் கட்சிக்கு மயிரிழைப் பெரும்பான்மை. நியூயார்க்கின் லாலர், லலோட்டா, உங்கள் கீன் என்று நாலைந்து பேர் அடம்பிடித்தாலே மசோதா நகராது. செனட்டிலோ அந்தக் கட்சிக்கு நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மூன்றிலும் ஆளே இல்லை. அதனால் அவர்களுடைய முதல் வரைவில் 10,000 அப்படியே இருந்தது. பேரம் பேசி 40,000 ஆயிற்று, அதுவும் 2029 வரைக்கும்தான். 2030இல் மறுபடி 10,000. வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் வரம்பு தேய்ந்து, 6 லட்சத்தில் பழைய 10,000க்கே வந்துவிடும்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் ஒன்றுதான். கூட்டு நிறுவனமாகத் தொழில் நடத்தும் டாக்டரும் வக்கீலும் மாநில வரியை நிறுவனத்தின் பெயரிலேயே கட்டி, வரம்பே இல்லாமல் கழித்துக்கொள்கிறார்கள். நியூ ஜெர்சி 2020 முதலே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. வேலி சம்பளக்காரனுக்கு மட்டும். இதை எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

பதில் 3: குவீன்ஸ் கவிதா

நாங்கள் வாடகை வீடு. எங்கள் கட்டடத்தில் ஐட்டமைஸ் செய்கிற ஆள் ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகம். வாடகையில் வீட்டு வரியும் கலந்துதான் இருக்கிறது, ஆனால் கழிவு வீட்டுக்காரருக்கு. ஒகாசியோ-கோர்டெஸ் ஏன் எதிர்த்தார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமாவின் ரசீது வாதம் சரியென்றால், ரசீதே இல்லாதவர்கள் எந்தப் பக்கம் என்றும் சொல்லியிருக்கலாம்.

செந்தில்:

கவிதா, நியாயமான கேள்வி, எனக்கு அது தோன்றவே இல்லை. குமரன், பள்ளி விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. ரசீதை எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது.

மாமா, 682ஐ மனைவியிடம் சொன்னேன். "இதற்கா எட்டு வருஷம் சண்டை போட்டார்கள்" என்று கேட்டுவிட்டு ரசீதுகளை ஒதுக்கி மேசையில் தட்டை வைத்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம். கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருக்கும் என் நண்பன் ஜோடிக்கு ஆளுக்கு 40,000, எங்கள் இருவருக்கும் சேர்த்தே 40,000தானா?

பார்சிப்பனி மாமா:

ஆமாம் தம்பி. பழைய 10,000லும் அப்படித்தான். தாலியைக் கழற்றச் சொல்லி நான் யோசனை சொல்லமாட்டேன்.

அது இருக்கட்டும், வீட்டு வரியின் பிப்ரவரி 1 தவணை கட்டியாயிற்றா? எங்கள் ஊரில் 10ஆம் தேதி வரை விட்டுக்கொடுப்பார்கள், உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வட்டி ஓடும்.