சொந்த வலைப்பதிவுக்கு ஹோஸ்டிங்: உள்நாட்டில் எடுப்பதா, வெளிநாட்டிலா?

பட்டர்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் வட மாநிலங்களில் மூடப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி, கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாகரில் நெடுநாளாக எழுதி வருகிறேன். முன்னாள் மாணவர்கள் அனுப்பிவைத்த வகுப்புப் படங்களும் வருகைப் பதிவேட்டுப் பக்கங்களும் வேறெங்கும் கிடைக்காதவை என்பதால், அவை ஓர் இலவசத் தளத்தை மட்டும் நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவையை மூடியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கி, வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை நிறுவி, எல்லாவற்றையும் அங்கே கொண்டுசெல்ல விரும்புகிறேன். வாசகர்களில் பெரும்பாலோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்; சிலர் தமிழ்நாட்டில். ஆண்டுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவிட முடியும். வழங்கியை, அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியை, நானே பராமரிக்கும் அளவுக்குக் கணினி அறிவு கிடையாது. தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங்கை உள்நாட்டு நிறுவனத்திடம் எடுப்பதா, முதலாண்டுக் கட்டணத்தை மிகக் குறைவாகக் காட்டும் வெளிநாட்டு நிறுவனத்திடம் எடுப்பதா?

செந்தூல் வாசகன்

வணக்கம் டீச்சர். நிறுவனம் எந்த நாட்டுடையது என்பதைவிட, வழங்கி எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வழங்கிக்குத் தகவல் போய்வர ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். அமெரிக்க மேற்குக் கரைக்கு 200க்கு அருகில் போய்விடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இணைப்பை ஏற்படுத்த, பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க, பக்கத்தைக் கேட்டுப் பெற என்று உலாவியும் வழங்கியும் பலமுறை பேசிக்கொள்வதால், அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் கூடி அரை வினாடியைத் தாண்டிவிடுகிறது. நம் நாட்டுச் சைபர்ஜெயா, சிங்கப்பூர் இரண்டுமே உங்களுக்குப் பொருந்தும். சென்னை வாசகர்களுக்கும் சிங்கப்பூர் அருகில்தான்.

விலையைப் பொறுத்தவரை முதலாண்டுக் கட்டணத்தைப் பார்க்கவே வேண்டாம், புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் பாருங்கள். அது இரண்டு, மூன்று மடங்காக ஏறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். பதிவுபெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் 2020 முதல் மலேசியச் சேவை வரி வசூலிக்கின்றன. 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. இன்னொன்று: ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ என்று வரும் கட்டுரைகளில் பல, வாசகர் சொடுக்கி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும்படி எழுதப்பட்டவை. அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஜார்ஜ்டவுன் வழங்கிப் பணியாளர்

செந்தூல் அன்பர் சொன்ன வேகக் கணக்கு சரிதான். ஆனால் ஆவணங்களைக் காப்பாற்ற வருகிற ஒருவருக்கு அது இரண்டாவது கேள்வி என்றே கருதுகிறேன். ஒரு நிறுவனத்தை விட்டு எளிதாக வெளியேற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. நிறுவனங்கள் கைமாறும், கட்டணம் ஏறும், நேற்றுவரை நன்றாக இருந்த உதவிப் பிரிவு இன்று பதிலே அனுப்பாது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும்.

ஆகவே டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ‘இலவசமாக’ வாங்காமல், டொமைன் விற்கும் தனியொரு பதிவாளரிடம் உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிவுசெய்யுங்கள். டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவுசெய்த முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற இயலாது. அதன்பின் இடம் மாற்றுவதற்கான குறியீட்டைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. டாட் மை பெயர்களை மைநிக் என்ற மலேசிய அமைப்பு நிர்வகிக்கிறது; அவற்றின் விதிகளைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘தினசரி காப்புநகல் உண்டு’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவுமையம் எரிந்தபோது, காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். மாதம் ஒருமுறையாவது இடுகைகள் இருக்கும் தரவுத்தளத்தையும் படக் கோப்புகளையும் உங்கள் வீட்டு வன்தட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். சி-பேனல் (தளத்தை உலாவி வழியே நிர்வகிக்கும் பலகை) உள்ள பகிர்வு ஹோஸ்டிங்கே, அதாவது ஒரே வழங்கியைப் பலர் பகிர்ந்துகொள்வதே, உங்கள் தேவைக்குப் போதும். விபிஎஸ் (உங்களுக்கென்றே ஒதுக்கப்படும் மெய்நிகர் வழங்கி) மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும். ‘வரம்பற்ற இடம்’ என்றால், எத்தனை கோப்புகள்வரை என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் சேமிப்பதால், படங்கள் நிறைந்த தளத்தில் இடத்துக்கு முன்பே கோப்பு எண்ணிக்கை தீர்ந்துபோகும்.

பிரிக்பீல்ட்ஸ் பதிவர்

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியவற்றை நான் சேர்க்கிறேன். வேர்ட்பிரஸ் இடுகையின் முகவரிப் பகுதிக்கு 200 இடங்களே ஒதுக்குகிறது. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் அங்கே ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்வதால் 22 குறிகளோடு தலைப்பு வெட்டுப்படும். ‘கி’ என்பதே இரண்டு குறிகள். எனவே முகவரியை மட்டும் சுருக்கமான ரோமன் எழுத்துகளில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய இணைப்புகள் அறுபடாமல் மாறவும் வழியுண்டு. முதலில் புதிய டொமைனை பிளாகரிலேயே இணைத்து, சில மாதங்கள் அப்படியே நடத்துங்கள். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை பிளாகரே புதிய பெயருக்கு அனுப்பும். தேடுபொறிகளும் அதற்குள் பழகிவிடும். பிறகு வேர்ட்பிரஸில் ஆண்டு, மாதம், இடுகைப் பெயர் என்ற அதே முகவரி அமைப்பை வைத்துக்கொண்டு இடம்பெயருங்கள். பிளாகர் கணக்கை அழிக்க வேண்டாம். படங்கள் உண்மையிலேயே புதிய வழங்கிக்கு வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். இடுகையின் எழுத்து மட்டும் வந்து, படங்கள் கூகுள் வழங்கியிலேயே தங்கிவிடுவதுண்டு.

பட்டர்வொர்த் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் இந்த மாதம் டொமைனை மட்டும் தனியாக வாங்கி பிளாகரில் இணைத்துவிடுகிறேன். ஹோஸ்டிங் எடுக்கும்போது ஓராண்டுக்குக் கட்டுவதா, மூன்றாண்டுக்கா?

ஜார்ஜ்டவுன் வழங்கிப் பணியாளர்

ஓராண்டுக்கு மட்டும் கட்டுங்கள், டீச்சர். மூன்றாண்டுக்கான விலைக் கழிவு பெரியதாகத் தெரிந்தாலும், கட்டிய பணத்துக்காகவே பிடிக்காத இடத்தில் இருந்துவிட நேரும். பணம் கட்டுவதற்கு முன்பே உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பி, எவ்வளவு நேரத்தில், யார், எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வழங்கி எங்கே இருக்கிறது, புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, கோப்பு வரம்பு என்ன என்ற மூன்றையும் அதிலேயே கேட்டுவிடலாம்.