புதுப்பிப்பு: கணுக்கால் வீக்கமும் பிரஷர் மாத்திரையும்

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து கணுக்கால் வீங்குகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. 2 வாரம் காலையும் மாலையும் பிரஷர் அளந்து, வீக்கம் எப்போது கூடுகிறது என்பதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். அந்த மருந்துக்கு உள்ள பக்கவிளைவுதானாம். அளவைப் பாதியாக்கி, வேறொன்றைச் சேர்த்தார். வீக்கம் நன்றாகவே வடிந்துவிட்டது.

அப்புறம், நான் அளந்த விதமே தப்பு. நடந்து வந்த மூச்சோடு, சட்டைக் கையின் மேலேயே பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றிவிடுவேன். 5 நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். எனக்கு 150க்கு மேல் காட்டியது 138க்கு இறங்கியது. உப்பையும் குறைத்திருக்கிறேன், அடுத்த சந்திப்பு வரை நோட்டு தொடரும்.