ஹாலோ நைட்: டேஷ் கிடைத்த பிறகு எந்தப் பக்கம் போவது? டிவியில் ஜம்ப்பும் தாமதமாக வருகிறது

வழிப்போக்கன்:

வணக்கம். நின்டெண்டோ ஸ்விட்சில் ஹாலோ நைட் கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். கிரீன்பாத் பகுதியின் கடைசியில் வரும் ஹார்னெட் என்ற எதிரியை வீழ்த்தி, அங்கிருக்கும் மேலங்கியை எடுத்து, டேஷ் (சட்டென்று பக்கவாட்டில் பாயும் திறமை) வந்துவிட்டது. அதிலிருந்து அப்படியே நிற்கிறேன். கிராஸ்ரோட்ஸ் பகுதி முழுவதும் திரும்ப நடந்து பார்த்துவிட்டேன். பாதி இடங்களில் சுவர் உயரம், எட்டவில்லை. ஒரு பக்கம் கும்மிருட்டு, எங்கே முள் இருக்கிறது என்றே தெரியவில்லை. மேப்பைத் திறந்தால் நான் எங்கே நிற்கிறேன் என்பதே புரிவதில்லை.

கேம் ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். கிராஸ்ரோட்ஸின் மங்கிய நீலத்திலிருந்து கிரீன்பாத்தின் பச்சைக்குள் நுழைந்தபோது, இசையும் சேர்ந்து மாறியதில் கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றுவிட்டேன். ஹார்னெட் சண்டையும் அப்படித்தான்: முதலில் ஒன்றும் புரியாது, பிறகு அவள் ஊசியை வீசுவதற்கு முன் உடம்பு எப்படி வளைகிறது என்று கண்ணில் படத் தொடங்கும். இவ்வளவு நல்ல கேமைப் பாதியில் விட மனமில்லை.

இரண்டு கேள்விகள். ஒன்று, அடுத்து எங்கே? கதையைச் சொல்லிவிடாதீர்கள், திசை மட்டும் போதும். இரண்டு, டிவியில் ஆடும்போது பட்டனை அழுத்தியபின் ஒரு நொடிப்பொழுது கழித்துத்தான் குதிப்பதுபோல் இருக்கிறது. கேமே அப்படித்தானா?

இரவுப்பூச்சி:

திசை மட்டும் சொல்கிறேன். கிரீன்பாத்துக்கே திரும்பிப் போங்கள், அதன் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். ஜெல்லிமீன் மாதிரி மிதக்கும் பூச்சிகள் இருக்கும் ஃபாக் கேன்யன் என்ற இடம் வரும். அதைக் கடந்து கீழே இறங்கினால் குயின்ஸ் ஸ்டேஷன், அங்கிருந்து ஃபங்கல் வேஸ்ட்ஸ். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய ஜெல்லிமீன்களை வாளால் வெட்டாதீர்கள். வெட்டினால் உள்ளிருக்கும் சிவப்புக் கரு உங்களைத் துரத்தி வந்து வெடிக்கும், ஒரே அடியில் இரண்டு முகமூடி (உயிரின் அளவு) போய்விடும். உங்களிடம் இப்போது மொத்தமே ஐந்துதான் இருக்கும். ஒதுங்கிப் போவதே நல்லது.

பழைய கேசட்:

ப்ரோ, ஜம்ப் தாமதத்துக்குக் கேம் காரணம் இல்லை. ஹாலோ நைட்டில் பட்டன் அழுத்தியதும் குதிக்கும், விட்டதும் ஏற்றம் நின்றுவிடும். அந்தத் துல்லியத்தில்தான் இந்த கேமே நிற்கிறது.

ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து அதே இடத்தில் குதித்துப் பாருங்கள். தாமதம் காணாமல் போனால் பிரச்சினை டிவியில் என்று முடிவு செய்துவிடலாம். இப்போதைய டிவிக்கள் படத்தை அழகுபடுத்த ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்து வைத்து வேலை செய்துவிட்டுத்தான் காட்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்டு. டிவி நான்கைந்து ஃபிரேமைப் பிடித்து வைத்தாலே விரலுக்குத் தெரிந்துவிடும். படம் பார்க்கும்போது ஒலியும் சேர்ந்தே தள்ளிப்போவதால் யாரும் கவனிப்பதில்லை. இந்த மாதிரி கேமில்தான் மாட்டும்.

டிவியின் பட அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கும், அதைப் போடுங்கள். பல டிவிக்களில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் இது தனித்தனி, அதனால் ஸ்விட்ச் செருகியிருக்கும் போர்ட்டில் இருக்கும்போதே போட வேண்டும். அசைவை மென்மையாக்கும் வசதி ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வழிப்போக்கன்:

@பழைய கேசட், கையில் வைத்து ஆடினால் தாமதம் துளியும் இல்லை. கேம் மோட் போட்டதும் டிவியிலும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி.

@இரவுப்பூச்சி, ஃபாக் கேன்யன் வரை வந்துவிட்டேன். ஆனால் ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியவில்லை, டேஷ் போட்டாலும் விளிம்புக்குச் சற்று முன்னால் விழுகிறேன். நடுவில் செத்துப்போய் ஜியோ (கேமின் காசு) எல்லாம் அங்கேயே கிடக்கிறது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மண்விளக்கு:

டேஷ் போடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஓடிக் குதித்து, பட்டனை விடாமல் முழு உயரம் ஏறி, உச்சிக்கு வந்தபின் டேஷ் போடுங்கள். டேஷ் நடக்கும் நேரம் முழுக்க நைட் (நாம் ஆட்டுவிக்கும் பாத்திரம்) கீழே இறங்குவதில்லை, நேர்கோட்டில் போகும். அதனால் உச்சியில் போட்டால் அந்த உயரம் அப்படியே கையில் இருக்கும், டேஷ் முடிந்தபின் விழும் தூரமும் சேர்ந்துகொள்ளும். 

ஜியோ விஷயம். செத்த இடத்தில் உங்கள் நிழல் காத்திருக்கும், அதை அடித்தால் எல்லாம் திரும்பி வரும். அதற்குள் இன்னொரு தடவை செத்தால் பழைய ஜியோ போனது போனதுதான். எனவே அங்கே போகும் வழியில் எதையும் வெட்டிக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள். பாஸ் (பெரிய எதிரி) அறைக்குள் செத்தால் நிழல் பெரும்பாலும் அறைக்கு வெளியே நிற்கும், அதை எடுக்க மறுபடி சண்டைக்குள் போக வேண்டியதில்லை. அப்புறம் ஜியோவைக் கையில் சேர்த்து வைப்பதைவிடச் செலவழிப்பது நல்லது. வாங்கிய பொருள் சாவோடு போகாது.

முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: டர்ட்மவுத் ஊரில் இசெல்டாவின் கடையில் 220 ஜியோவுக்குத் திசைகாட்டி சார்ம் (மாட்டிக்கொண்டால் பலன் தரும் பொருள்) இருக்கிறது. அதை மாட்டினால்தான் மேப்பில் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். 120 ஜியோவுக்கு இறகுப் பேனா. அது இல்லாமல் நீங்கள் புதிதாகப் பார்த்த அறைகள் மேப்பில் ஏறவே ஏறாது. பேனா இருந்தாலும் ஓய்வெடுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபின்தான் கோடுகள் விழும். மேப் புரியவில்லை என்று சொன்னீர்களே, இந்த இரண்டும் இல்லையென்றால் யாருக்கும் புரியாது.

வழிப்போக்கன்:

பேனா இருக்கிறது, திசைகாட்டி வாங்கவில்லை. ஒரு சார்ம் இடத்தை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.

மண்விளக்கு:

கொடுங்கள். தொடக்கத்தில் மூன்று இடங்கள்தான், தெரியும். ஆனால் புதுப் பகுதியில் சண்டையைவிட வழிதான் முக்கியம். பாஸ் அறைக்கு முன்னால் பெஞ்ச் கிடைத்ததும் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெஞ்சிலும் சார்ம் மாற்ற முடியும் என்பதையே இந்த கேமின் பெரிய வசதியாக நினைக்கிறேன்.

கீழ்த்தளம்:

கொஞ்சம் வேறு கோணத்தில் சொல்ல ஆசை. அடுத்த இடத்தை யாராவது சொல்லிச் சொல்லிப் போனால் இந்த வகை கேமின் சுவை பாதி போய்விடும். 1986-இல் வந்த முதல் மெட்ராய்டு கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பிளாட்ஃபார்ம் கேம்கள் வலது பக்கம் ஓடப் பழக்கியிருந்தன. இதிலோ முதல் பொருள், தொடங்கும் இடத்துக்கு இடது பக்கத்தில் இருக்கும். அதை எடுக்காமல் வலது பக்கம் போனால் ஒரு குறுகிய சந்தில் நின்றுவிட வேண்டியதுதான். திரும்பிப் பார் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஹாலோ நைட்டும் அந்த வழியில் வந்ததுதான். புதுத் திறமை கிடைத்தால் முன்னால் பார்க்காதீர்கள், ஏற்கெனவே தோற்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். டேஷ் கிடைத்தால் தாண்ட முடியாமல் விட்ட பள்ளங்கள். நீங்கள் சொன்ன உயரமான சுவர்களுக்கு வேறொரு திறமை வேண்டும், ஆகவே இப்போது அவற்றோடு மல்லுக்கட்டினால் நேரம்தான் வீணாகும். இருட்டுக்கு விளக்கு வேண்டும். கிராஸ்ரோட்ஸில் ஒரு வீட்டுக்குள் மயங்கிய நிலையில் இருக்கும் ஸ்லையிடம் பேசினீர்களா? பேசியிருந்தால் அவர் டர்ட்மவுத்துக்குத் திரும்பிக் கடையைத் திறந்திருப்பார். விளக்கு அவரிடம்தான், 1800 ஜியோ. இப்போதைக்குக் கட்டுப்படியாகாது, அவசரமும் இல்லை.

இசெல்டா சில அடையாள முள்களும் விற்கிறார். போக முடியாத இடத்திலெல்லாம் மேப்பில் ஒன்று குத்தி வையுங்கள், சுவருக்கு ஒரு நிறம், இருட்டுக்கு ஒரு நிறம் என்று. ஞாபகத்தை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய நிலவறையைச் சுற்ற முடியாது.

இரவுப்பூச்சி:

@கீழ்த்தளம் சொல்வது சரி, ஆனால் மாட்டிக்கொண்டு கேமையே விட்டுவிடுபவர்களும் நிறையப் பேர். ஒரு திசை சொன்னால் ரசனை கெட்டுவிடாது, கண்டுபிடிக்க இன்னும் ஏராளம் இருக்கிறது.

வழிப்போக்கன்:

அப்டேட். பள்ளத்தை முதல் தடவையிலேயே தாண்டினேன், உச்சியில் டேஷ் என்பதுதான் விஷயம். நிழலை அடித்து ஜியோவையும் எடுத்தாயிற்று. ஃபங்கல் வேஸ்ட்ஸில் காளான் குடைகளைக் கீழ்நோக்கி வெட்டினால் நைட் எகிறிப் போவதைக் கண்டுபிடித்தபோது அவ்வளவு சந்தோஷம், அதை எந்த எழுத்தும் சொல்லவில்லை. இப்போது மேன்டிஸ் கிராமத்தில் இருக்கிறேன். காவல் நிற்பவர்கள் ஒரு நொடியில் பாய்ந்து குத்துகிறார்கள். அவர்களின் தலைவர்களை வீழ்த்தினால்தான் மேலே போக முடியுமா?

மண்விளக்கு:

வேண்டியதில்லை. சுவரில் ஏறும் நகம் அந்தக் கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது, தலைவர்களோடு மோதாமலே எடுக்கலாம். அந்தச் சண்டை மிக அருமையானது, ஆனால் பிறகு வந்து போடுங்கள். தலைவர்களை வென்றபின் காவலர்கள் உங்களைத் தாக்க மாட்டார்கள், தலை வணங்குவார்கள்.

காவலர்களிடம் உயிர் குறைந்தால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: நீங்கள் எதிரியை அடிக்கும் ஓர் அடிக்கு 11 ஆன்மா (குணமாகச் செலவாகும் சக்தி) சேரும், ஒரு முகமூடி குணமாக 33 வேண்டும். மூன்று அடி அடித்துவிட்டால் ஒரு முகமூடி கையில் இருக்கிறது என்று பொருள். பக்கத்தில் நின்று குணப்படுத்தாதீர்கள், ஒரு தளம் கீழே இறங்கிச் செய்யுங்கள்.

வழிப்போக்கன்:

நகம் கிடைத்துவிட்டது! கிராஸ்ரோட்ஸில் விட்டுவந்த சுவர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகின்றன. ஃபங்கல் வேஸ்ட்ஸின் கிழக்கில் ஒரு பெரிய வாசல் மூடியிருக்கிறது, அதையும் கேட்டுவிடுகிறேன்.

இரவுப்பூச்சி:

அதற்கான சின்னம் உங்களிடமே இருக்கிறது, ஃபால்ஸ் நைட் என்ற பாஸை வீழ்த்தியபோது கிடைத்தது. வாசலுக்குப் போங்கள், திறக்கும். உள்ளே சிட்டி ஆஃப் டியர்ஸ். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நுழையுங்கள், கேமின் இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் லார்கினின் இசை அங்கே மழைச் சத்தத்தோடு சேர்ந்து வரும்.

ஜியோவை எல்லாம் செலவழித்துவிடச் சொன்னார்களே, 250 மட்டும் மிச்சம் வையுங்கள். நகரத்தின் மேற்கு ஓரத்தில், கீழே, வாள் தீட்டும் கொல்லர் இருக்கிறார். முதல் தீட்டலுக்கு ஜியோ மட்டும் போதும். அடியின் பலம் 5-லிருந்து 9 ஆகும், அதோடு போய் மேன்டிஸ் தலைவர்களைச் சந்தியுங்கள்.