சாப்பிடும்போது நாற்காலிக்குப் பின்னால் ஆள் நின்ற அனுபவம் உண்டா?

மாம்பலம்வாசி:
போன வாரம் தி.நகர்ப் பக்கம் ஒரு சைவ ஓட்டல். மத்தியானம் ஒரு மணிக் கூட்டம். டோக்கன், இடம் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு எதிரில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். ரசம் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் நாற்காலி முதுகில் கையை ஊன்றியபடி ஒரு குடும்பமே நின்றது. பெரியவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மோர் வாளியோடு வந்த சப்ளையரிடம் "போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டார். பாயசக் கிண்ணம் தொடாமல் அப்படியே இருந்தது. அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவே இல்லை. அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது.

ரசப்பிரியை:
எங்களுக்கு மதுரையில். அம்மாவுக்குப் பல் செட், மெதுவாகத்தான் சாப்பிடுவார். வத்தக்குழம்பு கேட்டுக் காத்திருக்கிறோம், சூப்பர்வைசர் வந்து பில்லைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் சொருகிவிட்டுப் போகிறார். டம்ளர் ஈரத்தில் தொகையே ஊறி அழிந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நான் எழுந்துக்கறேன், நீ சாப்பிடு" என்றார். அதன் பிறகு எந்த ஓட்டலுக்குக் கூப்பிட்டாலும் "பார்சல் வாங்கிக்கலாமே" என்கிறார்.

மெஸ்காரர் மகன்:
இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கடைக்காரர் பக்கத்தையும் பாருங்கள். முழுச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் கேட்கக் கேட்கப் போட வேண்டும். வியாபாரமே பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள்தான். ஒரு நாற்காலியில் மூன்று நான்கு பேராவது உட்கார்ந்து எழுந்தால்தான் சிலிண்டருக்கும் சம்பளத்துக்கும் கட்டும். அதற்காகச் சாப்பிடுகிறவர் தலைமாட்டில் ஆள் நிற்க விடுவது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கும்பகோணத்தில் அப்பா மெஸ் நடத்தியபோது வாசலில் பெஞ்சு போட்டு, வந்த வரிசைப்படி சிலேட்டில் பெயர் எழுதுவார். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வர முடியும். ஒரு முகூர்த்த நாளில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் நேராக உள்ளே வந்து நின்றார். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். மாம்பலம்வாசி, அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லாதீர்கள். வெளியே உட்கார இடம் இல்லையென்றால் அவர்களும் எங்கேதான் போவார்கள்?

கணக்குப்பிள்ளை:
என்னையும் ஒரு தடவை இப்படி எழுப்பினார்கள், கோயம்புத்தூரில். இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். பன்னிரண்டேகாலுக்குள் போய்விடுங்கள்; கூட்டம் இருக்காது, பொரியலும் சூடாக இருக்கும். உட்கார்ந்ததுமே சப்ளையரிடம், "பெரியவங்க இருக்காங்க, நிதானமா போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள், சொன்னபடி செய்யவும் செய்வார்கள். நடைபாதை ஓரம் வேண்டாம், சுவர் ஓரமாக உட்காருங்கள், பின்னால் நிற்கவே இடம் இருக்காது. அப்புறம் பில். சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். டிப்ஸ் கொடுப்பதானால் சப்ளையர் கையிலேயே கொடுங்கள்.

திருவல்லிக்கேணிக்காரன்:
கணக்குப்பிள்ளை, தகவலுக்கு நன்றி. ஆனால் சுவர் ஓரம் உட்காருவது பெரியவருக்குப் பதில் ஆகாது. இடம் பார்த்து உட்காரும் பாடு சாப்பிடுகிறவருக்கு எதற்கு? எங்கள் பேட்டையில் முரளி கஃபே பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் பெரியார் நடத்திய மறியலில் எத்தனையோ பேர் கைதானார்கள். ஓட்டலில் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது அப்படிப் போராடிக் கிடைத்தது. எங்கள் தாத்தா அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போவார். முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்தால், "வாங்க, உட்காருங்க" என்று தன் டம்ளரை நகர்த்தி இடம் கொடுப்பார். அந்த மரியாதையை அவசரம் பறிக்க விடக் கூடாது. அடுத்த முறை யாராவது இப்படி நின்றால், "அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எதிரில் இருக்கிற நாம்தான் சொல்ல வேண்டும்.

மாம்பலம்வாசி:
மெஸ்காரர் மகன், நான் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. அவர்களோடு இருந்த சின்னப் பெண் பசியில் அழுதுகொண்டிருந்தாள்.

ரசப்பிரியை:
பெஞ்சு போட்டுப் பெயர் எழுதிக் கூப்பிடுகிற மெஸ் மதுரையில் இன்னும் இருந்தால் யாராவது சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் அம்மாவுக்குப் பிறந்தநாள்.