திரெஷரை (குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் இயந்திரம்) தாண்டியும் குலையில் பழம் நிற்கிறது

தோட்டத்துப்பிள்ளை, தெலுக் இந்தான், மலேசியா:
எங்கள் செம்பனை ஆலையில் ஸ்டெரிலைசர் (குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலன்) பார்க்கும் மூத்த அண்ணன் அடுத்த மாசம் ஓய்வு பெறுகிறார். அவர் ஷிப்டில் பழம் சுத்தமாக உதிரும். புது ஆளுக்கு அப்படி வரவில்லை, இருவரும் வைக்கும் பிரஷர் ஒன்றுதான். அவர் போவதற்குள் எதைக் கேட்டு வைக்கலாம்?

பாய்லர்காரன்:
காற்று வெளியேறவில்லை. காற்று நீராவியைவிடக் கனம், அடியில் தங்கும். பிரஷர் முள் 40 பிஎஸ்ஐ காட்டினாலும் உள்ளே சூடு குறைவு. கதவு மூடியதும் அடிவால்வைத் திறந்தே வைத்து ஐந்து நிமிடம் நீராவி விடுங்க. பிறகு மூன்று முறை பிரஷர் ஏற்றணும்: முதல் இரண்டையும் சட்டென இறக்கணும், மூன்றாவதை 40-ல் முக்கால் மணி நேரம் நிறுத்தணும். காய்க்குலை அதிகமென்றால் இன்னும் கொஞ்சம். அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது, நனைந்த குலை வேகாது.

மண்டோர்மகன்:
வால்வு எவ்வளவு திறக்கிறார் என்பதைக் கைப்பிடியில் பெயின்ட் கோடு போட்டு வாங்கிக்குங்க, வாய்வார்த்தை நிற்காது. முள் பூஜ்யம் வந்தாலும் வடிகால் வால்வில் ஆவி இல்லையென்று பார்த்த பிறகே கதவு.

காளான்பிரியை:
அண்ணனுக்குக் காளான் வளர்ப்பில் ஆசை இருந்தால், நிர்வாகத்திடம் கேட்டு, காளான் வளர்க்கப் பழம் உதிர்ந்த வெற்றுக்குலை ஒரு லோடு இறக்கிக் கொடுங்க. நல்ல பிரியாவிடைப் பரிசு! சூடு ஆறியதும் நனைத்து, நிழலில் அடுக்கி, பிளாஸ்டிக் போர்த்தணும். மேல்குலை காய்ந்தால் காளான் வராது.