ஃபோட்டானிக் படிகக் குழியில் வெப்பத்தையும் கெர் விளைவையும் எப்படிப் பிரிப்பது?

வணக்கம். இந்தத் துறையில் அளவீடு செய்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள், பல வாரங்களாக இதிலேயே சிக்கி நிற்கிறேன்.

எங்களுடையது, சீராகத் துளையிட்ட சிலிக்கான் மென்தகட்டில் (இதுதான் ஃபோட்டானிக் படிகம்) ஒரு வரிசையில் மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்டு, அங்கே ஒளி அடைபடும்படி அமைத்த குழி. இரு முனைத் துளைகளையும் கொஞ்சம் வெளியே நகர்த்தியிருக்கிறோம், 2003-இல் ஜப்பானின் நோடா குழுவினர் கியூ மதிப்பை (குழி ஒளியை எவ்வளவு நேரம் இழக்காமல் வைத்திருக்கிறது என்பதன் அளவு) 45,000-க்குக் கொண்டுபோன அதே வழி. எங்களுக்கு 40,000 வருகிறது. அதாவது 1550 நானோமீட்டரில் ஒத்ததிர்வின் அகலம் வெறும் 0.04 நானோமீட்டர், ஒளி உள்ளே தங்கும் நேரம் 33 பிக்கோநொடி. இவ்வளவு சின்ன இடத்தில் ஒளி இப்படி அடைபடுவது இன்னமும் எனக்கு வியப்புதான்!

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். குறைந்த திறனில் அழகான லோரன்ட்ஸ் வடிவம் (சமச்சீரான ஒற்றை உச்சி) வருகிறது, ஆனால் திறனைக் கூட்டினால் உச்சி நீண்ட அலைநீளப் பக்கம் சாய்ந்து சட்டென்று விழுகிறது, லேசரைத் திருப்பி ஓட்டினால் வேறொரு இடத்தில் ஏறுகிறது. இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கி சிலிக்கான் சூடாவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கெர் விளைவும் (ஒளிச்செறிவுக்கு ஏற்பப் பொருளின் ஒளிவிலகல் எண் மாறுவது) அதே பக்கம்தான் இழுக்கும் என்பதால் திசையை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அப்படி விழுங்கும்போது உருவாகும் கட்டற்ற மின்னூட்டங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளும்.

நானோநொடித் துடிப்புகளை இடைவெளி விட்டு அனுப்பினால் வெப்பம் குறையும், ஆனால் மின்னூட்டங்கள் கெர் விளைவை மறைத்துவிடாதா? 33 பிக்கோநொடியைவிடக் குறுகிய துடிப்பு என்றால் அதன் நிறமாலை ஒத்ததிர்வைவிட அகலமாகிவிடும், பாதி ஒளி உள்ளேயே போகாது. நீங்கள் எவ்வளவு நீளத் துடிப்பு வைத்தீர்கள்? அப்புறம், பட்டை இடைவெளி 1.6 எலக்ட்ரான் வோல்ட்டை (இரண்டு ஃபோட்டான்களின் மொத்த ஆற்றல்) தாண்டியதால் அந்த இரண்டு ஃபோட்டான் விழுங்கல் நடக்காத இண்டியம் காலியம் பாஸ்பைடுக்கு மாறியவர்கள் இருந்தால் அந்த அனுபவத்தையும் சொல்லுங்கள்.