கலைச்சொல் விவாதம்: "பாதுகாப்பு ஆணை" போதுமா, "அணுகுதடை" வேண்டுமா?

திருப்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்காகத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிக்கிற கணவன், பிரிந்த பின்னும் வாசலில் வந்து நிற்பவன், இரவெல்லாம் போன் செய்து மிரட்டுபவன் ஆகியோர் கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் வாங்கும் உத்தரவைப் பற்றியது. வெளிநாட்டில் ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் என்கிறார்கள். நம் சட்டத்தின் தமிழில் "பாதுகாப்பு ஆணை". வேலை முடிந்து வந்த பெண்கள் சிலரிடம் படித்துக் காட்டினேன். "போலீஸ்காரர் வீட்டுக்குக் கூடவே வருவாரா?" என்று கேட்டார்கள். வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.

கோவையிலிருந்து:

தடுப்பாணை. ஒரே சொல், வேலை முடிந்தது.

நாமக்கல்லிலிருந்து:

தடுப்பாணையைவிட விலக்காணை மென்மையாக இருக்கும் என்பது என் கருத்து.

பொள்ளாச்சியிலிருந்து:

காப்பாணை என்று வைத்தால் என்ன? காப்பு நம் பக்கத்துச் சொல். பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டாத வீடு உண்டா?

ஈரோட்டிலிருந்து:

அக்கா, உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்கு வெளியே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். இந்தச் சொல் தினமும் என் கையில் புழங்குவது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த மூன்று சொற்களையும் முதலில் கழித்துவிடுவோம். தடுப்பாணை வேண்டவே வேண்டாம். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவரை உள்ளே வைக்கப் பிறப்பிப்பது தடுப்புக் காவல் ஆணை. அதைத்தான் சுருக்கித் தடுப்பாணை என்கிறார்கள். "உங்கள் மகன் மேல் தடுப்பாணை" என்று கேட்டால் மாமியார் அங்கேயே மயங்கி விழுவார். அடுத்த நாள் பெரியதனக்காரர்கள் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்கள்.

விலக்காணையை நாமக்கல் ஐயா மென்மை என்கிறார். ஐயா, மதுவிலக்கும் வரிவிலக்கும் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுவிலக்கு, மாதவிலக்கு என்று காலங்காலமாகப் பெண்ணை ஒதுக்கி உட்காரவைத்த சொல் அது. அடித்தவனை நிறுத்துவதற்கான தாளில் அதை ஏன் எழுத வேண்டும்?

காப்பாணையைக் கழிக்க எனக்கே மனம் வரவில்லை. வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் சேர்த்துக் கூரையில் செருகுகிற காப்பு எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் "வாலிபருக்குக் காப்பு" என்று நாளிதழ் தலைப்புப் போட்டால் கைதாகிவிட்டார் என்றுதான் பொருள். போதாததற்கு, அச்சுக் கோப்பவர் ணகரத்தை மாற்றிவிட்டால் "காப்பானை" ஆகிவிடும். அப்புறம் எவன் காப்பான் என்று தேட வேண்டியதுதான்.

இனி, இருக்கிற சொல்லுக்கு வருகிறேன். பெண்கள் போலீஸ் துணையை நினைத்ததில் தவறே இல்லை. நம் மாவட்டங்களில் பாதுகாப்பு என்றாலே, காதலித்து மணந்து கழுத்தில் மாலையோடு காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நிற்கும் ஜோடி நினைவுக்கு வருகிறது. அவர்கள் கேட்பதும் பாதுகாப்புத்தான். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உதவ வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். ஆனால் மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் என்று வேறொருவரும் இருக்கிறார். ஆட்சியர் அலுவலகத்தில் தவறான அறை வாசலில் காத்திருந்துவிட்டு, அரை நாள் சம்பளமும் போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தச் சொல்லின் பெரிய குறை வேறு. அது பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. அவன் எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்வதில்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியவன் அவன். அவன் காதில் "பாதுகாப்பு" என்று விழுந்தால், "நான்தானே அவளுக்குப் பாதுகாப்பு" என்று மீசையை முறுக்குவான்.

அப்படியானாலும் துண்டறிக்கையிலிருந்து இந்தச் சொல்லை எடுத்துவிடக் கூடாது என்பதே என் கட்சி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவுதான் பாதுகாப்பு ஆணை. மனுவில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். நாம் அழகாக ஒரு சொல்லைப் புனைந்து கொடுத்து, அவள் அதை அலுவலகத்தில் போய்ச் சொல்லி, எழுத்தர் "அப்படி ஒன்றும் இல்லையே அம்மா" என்று அனுப்பிவிட்டால் பழி யாருக்கு?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த 18ஆம் பிரிவு கிட்டே வராதே என்பதோடு நிற்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்குள் நுழையாதே, நேரிலோ கடிதத்திலோ போனிலோ தொடர்பு கொள்ளாதே, அவளுக்கு உதவுகிற உறவினர்மேல் கைவைக்காதே என்றெல்லாம் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், சொல்லலாம். சீதனத்தை விற்காதே, வங்கி லாக்கரைத் திறக்காதே என்றுகூடச் சொல்லலாம். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போட்ட பவுன் யார் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அடியை மறந்துவிட்ட பெண்கூட அந்த நகையை மறப்பதில்லை. என் மேசைக்கு வருபவர்களிடம் லாக்கரைப் பற்றிச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இவ்வளவும் அடங்கிய ஆணைக்கு "கிட்டே வராதே" என்று மட்டும் பொருள்தரும் பெயர் பற்றாது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். நம் சட்டத்துக்குப் பாதுகாப்பு ஆணை. வெளிநாட்டுச் செய்தி, பொதுவான பேச்சு ஆகியவற்றுக்கு அணுகுதடை ஆணை. கலிபோர்னியாவில் விசாரணைக்குப் பின் ஐந்தாண்டு வரை ஒருவரை நெருங்கவிடாமல் வைக்கும் உத்தரவைத் தமிழில் எழுதும்போது "தடை உத்தரவு" என்று போட்டால், நம் ஊரில் 144 போட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். (2024 ஜூலை முதல் அந்த 144 புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. புதிய 144 ஜீவனாம்சம்! நீதிமன்ற வாசலில் இந்தக் குழப்பம் ஓய இன்னும் நாளாகும்.) "தடை வாங்கிவிட்டேன்" என்றாலும் வண்டித்தடத்துக்கும் வாய்க்காலுக்கும் பங்காளிகள் வாங்கும் ஸ்டேதான் நினைவுக்கு வரும்.

கோவையிலிருந்து:

தடுப்பாணையைத் திரும்பப் பெறுகிறேன், அண்ணா. ஆனால் மென்பொருள் தமிழாக்கம் செய்பவன் என்ற முறையில் ஒரு தடங்கல். "அணுகல்" எங்கள் துறையில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. "அணுகல் மறுக்கப்பட்டது" என்று திரையில் வந்தால் கடவுச்சொல் தவறு என்று பொருள். அணுகுதடை என்றால் இணையதளத்தை முடக்கிவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். "அண்டாதே" என்று நாம் சொல்வதில்லையா? அண்டா ஆணை என்று வைக்கலாமே.

பொள்ளாச்சியிலிருந்து:

அண்டா ஆணையா? கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற ரசீதா அது? காப்பாணையே தேவலை.

ஈரோட்டிலிருந்து:

பொள்ளாச்சி ஐயா சொன்ன பிறகு அண்டா பரணுக்குப் போகட்டும். அணுகல் கணினிக்குப் போய்விட்டது உண்மைதான்; ஆனால் "அணுகு" என்ற வினை இன்னும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. கூடவே "ஆணை" வரும்போது கடவுச்சொல்லை யாரும் நினைக்கமாட்டார்கள். வெறும் "அணுகுதடை" என்று தனியே நிறுத்தாமல் இருந்தால் போதும்.

நாமக்கல்லிலிருந்து:

எல்லாம் சரி, "ஆணை" எதற்கு? மக்கள் வாயில் இருப்பது "உத்தரவு". காங்கேயத்துப் பக்கம் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியே இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

அதனால்தான் வேண்டாம் என்கிறேன், ஐயா. அந்தப் பெட்டியில் என்ன வைப்பது என்பது பக்தர் கனவில் வரும். நடுவர் மன்றத்தில் அப்படி வராது. மனு போட வேண்டும். பேச்சில் உத்தரவு என்று சொல்லட்டும், தாளில் ஆணை இருக்கட்டும். இலங்கையில் இதையே பாதுகாப்புக் கட்டளை என்கிறார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது.

இன்னொரு சொல்லும் உறுத்துகிறது. எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே, பெண்ணின் பிரமாண வாக்குமூலத்தை வைத்து 23ஆம் பிரிவில் இடைக்கால ஆணை தரலாம். அதற்கு "ஒருதலைப்பட்ச ஆணை" என்று எழுதுகிறார்கள். நாட்டுவழக்கில் ஒருதலைப்பட்சம் என்றால் ஓரவஞ்சனை. நீதிபதியே ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவதற்கு நாமே சொல் எடுத்துக் கொடுக்கிறோம். துண்டறிக்கையில் "அவர் வருவதற்கு முன்பே தரப்படும் இடைக்கால ஆணை" என்று விரித்து எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து:

நன்றி, அண்ணா. கணவனோ உறவோ அல்லாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வரைக்கும் பின்தொடர்பவனுக்கு எந்தச் சொல்? இங்கே விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு அந்தத் தொல்லைதான் அதிகம்.

ஈரோட்டிலிருந்து:

2005ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப உறவில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மட்டும். பின்தொடர்வது தனிக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2025இல் செய்த திருத்தம் இதற்கும் ஒரு பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்திருக்கிறது. ஆக, அரசே ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்துவிட்டது. நாம் மூன்றாவதாக ஒன்று வைத்துக் குழப்ப வேண்டாம்.

திருப்பூரிலிருந்து:

அப்படியானால் துண்டறிக்கையின் முதல் பத்தியை இப்படி முடிவு செய்கிறேன்:

"உங்களை அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது, போன் செய்யக்கூடாது, நகையை எடுக்கக்கூடாது என்று அவருக்கு நடுவர் மன்றம் போடும் கட்டுப்பாடே பாதுகாப்பு ஆணை. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். சொந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஆணையின் நகல் இலவசம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உடனடி உதவிக்கு 181."

அடியில் சிறிய எழுத்தில் "அணுகுதடை ஆணை என்று செய்திகளில் படிப்பதும் இந்த வகைதான்" என்று ஒரு வரி. சரிதானே?

ஈரோட்டிலிருந்து:

சரி. ஒரே ஒரு திருத்தம். "அவர்" என்று எழுதிய இடத்தில் "அவரோ அவர் அனுப்பும் ஆளோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் துணைபோவதையும் 18ஆம் பிரிவில் தடுக்க முடியும். மனுவிலும் அதைக் கேட்டு எழுத வேண்டும். இங்கே யாரும் தானாக வருவதில்லை. முதலில் மச்சினனை அனுப்புவார்கள், அப்புறம் சித்தப்பாவை.